மைமூன் அக்கா கேட்ட இரண்டு புத்தகங்கள்

எஸ்டேட் ஆபீஸின் நீள மேசைமேல் இரண்டு புத்தகங்கள் திறந்து கிடந்தன. ஒன்று சிவப்புக் காலிகோ அட்டை போட்டது. அதன் ஒரு மூலையை எலி தின்றிருந்தது. மற்றது எஸ்டேட் ஆஸ்பத்திரியின் பதிவுப் புத்தகம். பக்கத்தைப் புரட்டினாலே டிஞ்சர் வாசனை அடிக்கும். இரண்டிலும் நீல மையில் ஒரு கட்டைவிரல் ரேகை இருந்தது.

அரசாங்க லேபர் ஆபீசர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டார். இந்த ரேகையைப் பார்த்தார், அந்த ரேகையைப் பார்த்தார். வெளியே மழை. தகரக் கூரையில் அது விழுகிற சத்தத்தில் யார் மூச்சு விட்டாலும் கேட்காது. யாரும் விட்ட மாதிரியும் தெரியவில்லை.

மேசைக்கு முன்னால் நின்றவள் பேச்சியம்மாள், கொழுந்து பறிப்பவள். அவளுக்குப் பின்னால், ஸ்டூலில், வெள்ளைத் துப்பட்டி போர்த்தி உட்கார்ந்திருந்தவர் மைமூன் அக்கா. அந்தப் புத்தகங்களைத் தூக்கிக்கொண்டு வந்து மேசைமேல் வைத்தவன் நான்.

ஒரு வாசகியின் கேள்வி

போன வாரம் அட்டைக்கடியைப் பற்றி எழுதியிருந்தேன் அல்லவா. அதைப் படித்துவிட்டுப் பொள்ளாச்சியிலிருந்து ஒரு வாசகி கடிதம் போட்டிருக்கிறார். "அட்டை உறிஞ்சியதைச் சொன்னீர்கள். நீங்கள் எஸ்டேட் ஆபீஸில் வேலை பார்த்தவர். யாருடைய வீட்டையாவது பிடுங்கியிருக்கிறீர்களா?" என்று கேட்கிறார்.

நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டுவிட்டார். பதில் சொல்ல வேண்டும். பிடுங்கப் பார்த்திருக்கிறேன் அம்மா. என் கையாலேயே டைப் அடித்து, என் காலாலேயே நடந்துபோய், அந்த நோட்டீஸைக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன்.

எழுபதுகளின் நடுப்பகுதி. எமர்ஜென்சிக்கு முந்தியா பிந்தியா என்று இப்போது நினைவில்லை. மாட்டுப்பட்டி அணைக்கு மேலே, இரண்டு மலை தாண்டி ஒரு தேயிலை எஸ்டேட். பேர் வேண்டாம். பாலக்காட்டுப் பக்கம் கொழிஞ்சாம்பாறையிலிருந்து வந்த எனக்கு அங்கே இரண்டாவது கிளார்க் உத்தியோகம். கல்யாணம் ஆகவில்லை. குளிர் மட்டும் நிறைய இருந்தது.

அந்த மழைக்காலத்தில் மாடசாமி என்ற கவாத்து வெட்டும் தொழிலாளி வேலையை விட்டுப் போனான். உடும்பஞ்சோலைப் பக்கம் ஏலத்தோட்டத்தில் வேலை கிடைத்துவிட்டது. கூடவே ஒரு பெண்ணும் கிடைத்துவிட்டாள். எஸ்டேட் கொடுத்த லயத்து வீட்டை, அதாவது தொழிலாளர் வரிசை வீட்டை, காலி செய்து ஒப்படைத்ததாக எழுதிக் கொடுத்தால்தான் கணக்கு முடித்து அனுப்புவார்கள். அவன் சொல்லச் சொல்ல நான் டைப் அடித்தேன்.

"வீட்டுல யாரும் இருக்காங்களா?" என்று கேட்டேன்.

"யாரும் இல்ல கிளார்க்கய்யா" என்றான்.

அவனுக்குப் பெண்டாட்டியும் இரண்டு பெண் குழந்தைகளும் உண்டு என்பது எனக்குத் தெரியும். சின்னது ஆபீஸ் வாசலில் வந்து பழைய கார்பன் தாள் கேட்கும். தெரிந்துகொண்டேதான் "வீடு காலியாக உள்ளது" என்று அடித்தேன். ஒரு எழுத்துப் பிழை கூட இல்லாமல் அடித்தேன்.

அடுத்த வாரம் துரை உத்தரவு போட்டார். வெள்ளைக்காரர்கள் போய் நம்மவர்கள் வந்த பிறகும் மேனேஜரைத் துரை என்றுதான் சொல்வோம். ஆளில்லாத வீட்டில் யாரோ குடியிருக்கிறார்கள், பதினைந்து நாளில் வெளியேற்று என்று உத்தரவு. அதையும் நானே அடித்து, நானே கொண்டுபோனேன்.

பேச்சியம்மாள் நோட்டீஸை வாங்கி, தலைகீழாகப் பிடித்துப் பார்த்தாள். "இதுல என்னய்யா எழுதியிருக்கு?" என்றாள். சொன்னேன். அவள் அழவில்லை, திட்டவும் இல்லை. "புள்ளைகள எங்க கொண்டு வைப்பேன்?" என்று மட்டும் கேட்டாள். மழை வருகிறது என்று சொல்லிவிட்டுத் திரும்பிவிட்டேன். மழை அப்போது வரவில்லை.

ஒருத்திக்கு இரண்டு பேர்

இங்கே ஒரு சங்கதியை விளக்க வேண்டும். இல்லாவிட்டால் மேலே சொல்லப்போவது புரியாது.

பேச்சியம்மாளுக்கு இசக்கியம்மாள் என்று ஓர் அக்கா. சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து முதலில் மலையேறி வந்தவள் அவள்தான். கொழுந்து பறித்தாள். ஒரு விஷக்காய்ச்சலில் கல்யாணம் ஆகாமலே செத்துப்போனாள். அப்போதெல்லாம் மலையில் ஒரு வழக்கம் இருந்தது. செக்ரோல் என்கிற வருகைப் பதிவேட்டில் ஏறிய பேரை, ஆட்களை மேய்க்கும் கங்காணிகள் விடமாட்டார்கள். புதிதாக ஒரு பேரை ஏற்ற ஆபீஸில் ஆயிரம் கேள்வி வரும். அதனால் செத்தவர் இடத்தில், ஊருக்குப் போனவர் இடத்தில், அந்தக் குடும்பத்திலேயே ஒருவரைக் கொண்டுவந்து நிறுத்திவிடுவார்கள். இதற்கு "பேர்ல நிக்கிறது" என்று பெயர்.

அக்கா செத்த பதினைந்தாம் நாள் பேச்சியம்மாள் அக்கா பேரில் வந்து நின்றாள். பதினோரு வருடமாகச் செக்ரோலில் அவள் இசக்கியம்மாள். வீட்டில் பேச்சியம்மாள்.

துரைக்கு இது வசதியாகப் போயிற்று. அவர் கணக்குப்படி, இசக்கியம்மாள் என்பவள் தொழிலாளி, ஆனால் தனியாள். தனியாளுக்கு வீடு கிடையாது. மூன்று பெண்களோடு ஓர் அறையில் படுத்துக்கொள்ளலாம், பிள்ளை குட்டிக்கு அங்கே இடமில்லை. பேச்சியம்மாள் என்பவள் மாடசாமியின் பெண்டாட்டி. ஆனால் தொழிலாளி இல்லை. புருஷன் போனதும் அவளும் போக வேண்டியவள்தான். ஒருத்திக்கு வேலை உண்டு, வீடு இல்லை. இன்னொருத்திக்குப் பிள்ளைகள் உண்டு, வேலை இல்லை.

நான்தான் இரண்டு பேரும் என்று அவள் வாயைத் திறந்தால், ஆள்மாறாட்டம் என்று வேலையும் போய்விடும். யூனியன்காரர்கள் இதைக் கேட்டுவிட்டு, குடும்ப விவகாரம், நாங்கள் தலையிடுவதில்லை என்றார்கள். மாடசாமி சந்தாக்காரன், பேச்சியம்மாள் அவன் பெண்டாட்டி. அதற்கு மேல் அவர்கள் யோசிக்கவில்லை. வக்கீல் வைக்கலாம் என்றால் தேவிகுளத்துக்குப் போய்வருகிற பஸ் காசே அவளுக்குப் பெரிது.

கஜக்கோலும் கார்பன் தாளும்

ஞாயிற்றுக்கிழமை பஜாருக்கு இறங்கினால் ராவுத்தர் ஜவுளிக்கடை. முன்பக்கம் ராவுத்தர் துணி கிழிப்பார். பின்பக்கம், துணி மூட்டைகளுக்கு நடுவே, அவர் மனைவி மைமூன் அக்கா மனு எழுதுவார். முன்பக்கத்தை விடப் பின்பக்கம்தான் கூட்டம் அதிகம் என்று ராவுத்தரே அலுத்துக்கொள்வார். அலுத்துக்கொண்டே வந்தவர்களுக்கு டீ சொல்வார்.

அக்காவின் அத்தா பாலக்காட்டில் முப்பது வருடம் வக்கீல் குமாஸ்தா. கடைசிக் காலத்தில் அவருக்குப் பார்வை மங்கிவிட்டது. வெளியே தெரிந்தால் உத்தியோகம் போய்விடும் என்று, கட்டுகளை வீட்டுக்குக் கொண்டுவந்து மகளைப் படிக்கச் சொல்லிக் கேட்பாராம். அவர் சொல்ல, மகள் எழுதுவாராம். அப்படிப் பத்து வருடம் அந்த வக்கீலின் பாதி வழக்குகளை எழுதியது எட்டாம் வகுப்பு படித்த இந்தப் பெண் என்பது அந்த வக்கீலுக்குக் கடைசிவரை தெரியாது. கல்யாணமாகி மலைக்கு வந்த இடத்தில் அந்தக் கை சும்மா இருக்கவில்லை.

மனுவுக்கு எட்டணா. காகிதமும் கார்பனும் அதிலேயே அடக்கம். துணி அளக்கிற கஜக்கோலை வைத்து ஓரக்கோடு போடுவார். மனுவை மலையாளத்தில் எழுதுவார், ஒவ்வொரு வரியையும் தமிழில் படித்துக் காட்டுவார். கேட்பவர் தலையாட்டாவிட்டால் அந்தத் தாளைக் கிழித்துவிட்டு மறுபடி எழுதுவார். நான் பார்க்க ஒரு கிழவருக்காக நாலு தடவை கிழித்திருக்கிறார்.

பேச்சியம்மாள் நோட்டீஸோடு அங்கே போய் உட்கார்ந்ததையும், அக்கா அவளிடம் கேட்டதையும் பின்னால் அவளே எனக்குச் சொன்னாள். வருகிறவர்கள் எல்லாரும் முதலில் சொல்வது, "எங்கிட்ட ஒரு காயிதமும் இல்லக்கா" என்பதுதான். இவளும் அதையே சொல்லியிருக்கிறாள்.

"காயிதம் இல்லைன்னு சொல்லாத" என்றாராம் அக்கா. "உன் காயிதமெல்லாம் அவங்ககிட்டயாக்கும் இருக்குது. எந்தெந்தப் பொஸ்தகத்துல கைநாட்டு வெச்சிருக்கே, அத மட்டும் சொல்லு."

பேச்சியம்மாள் ஒவ்வொன்றாக நினைவுபடுத்திச் சொல்லியிருக்கிறாள். சம்பளத்துக்கு, கம்பளிக்கு, அம்மைக் குத்துக்கு. பிறகு, இரண்டு பிரசவத்துக்கும் ஆபீஸில் லீவுச் சம்பளம் வாங்கியதற்கு. ஆஸ்பத்திரியில் பிள்ளை பிறந்த சீட்டு வாங்கியதற்கு.

"அங்க என்ன பேரு சொன்ன?"

"ஆபீசுல அக்கா பேரு. ஆசுபத்திரியில எம்பேரைத்தான் சொன்னேங்க்கா. புள்ளைக்கு அம்மா பேரு பொய்யா இருக்கக் கூடாதுல்லா."

அதைக் கேட்டதும் அக்கா கஜக்கோலை எடுத்து, புதுத் தாளில் ஓரக்கோடு போட ஆரம்பித்தாராம்.

நான் வாயைக் கொடுத்த கதை

அடுத்த ஞாயிறு நான் பஜாரில் சோப்பு வாங்கிக்கொண்டு நின்றேன். ராவுத்தர் கை காட்டி அழைத்தார். "தம்பி கொழிஞ்சாம்பாறையாமே. வாங்க, நம்ம ஊர்க்காரரு" என்று அக்கா உள்ளே கூப்பிட்டார். சூடான அரிசிப் பத்திரியும் தேங்காய்ப்பாலும் தட்டில் வந்தன. நாலு மாதமாக ஊருக்குப் போகாமல் மெஸ் சாப்பாடு சாப்பிட்டவன் நான். அந்தத் தட்டுக்கு முன்னால் எஸ்டேட் ரகசியம் என்ன, எதை வேண்டுமானாலும் சொல்லியிருப்பேன்.

ஆனால் அவர் ரகசியம் எதையும் கேட்கவில்லை. நோட்டீஸைப் பற்றிக் கேட்பார் என்று பயந்துகொண்டே இருந்தேன். அதையும் கேட்கவில்லை. எங்கள் ஊர்ச் சந்தை, சித்தூர்ப் புழையில் தண்ணீர் எவ்வளவு, அம்மா சுகமா என்றுதான் பேச்சு.

"இந்த மழைக்கு உங்க ஆபீஸ் ஒழுகாதோ தம்பி? பொஸ்தகமெல்லாம் நனைஞ்சு போகுமே" என்றார் நடுவில்.

"அதெல்லாம் நனையாதுங்க்கா" என்றேன் பெருமையாக. "அலமாரி மேல் தட்டுலதானுங்க வெச்சிருக்கறேன். சம்பளப் புத்தகம் பச்சை அட்டை, பிரசவ லீவுப் புத்தகம் செகப்பு. அதுலதான் ஒரு மூலைய எலி கடிச்சுப்போட்டுதுங்க."

"பாவம்" என்றார் அக்கா. எலியைச் சொன்னாரா புத்தகத்தைச் சொன்னாரா தெரியவில்லை. இன்னொரு பத்திரி வைத்தார்.

வியாழக்கிழமை பதிவுத் தபாலில் ஆபீஸுக்கு ஒரு கட்டு வந்தது. லேபர் ஆபீசருக்கு அனுப்பிய மனுவின் நகல். விசாரணை முடிகிறவரை வீட்டை விட்டு வெளியேற்றக் கூடாது என்றும் அதில் கேட்டிருந்தது. ஹெட் கிளார்க் முதல் பக்கத்தைப் படித்துவிட்டுச் சிரித்தார். அவர் எஸ்டேட்டிலேயே தலை நரைத்தவர், எதற்கும் அசையாதவர். மெதுவாக என்னிடம், "அந்தப் பழைய லீவுப் புத்தகமெல்லாம் கரையான் அரிச்சிருக்குமே. எதுக்கு எடத்த அடைச்சிக்கிட்டு? ஃபாக்டரி அடுப்புக்குக் குடுத்துரு" என்றார்.

நான் இரண்டாம் பக்கத்தைப் புரட்டிக் காட்டினேன்.

ஏழாவது பத்தி. "மேற்படி ஆபீஸில் அலமாரி மேல் தட்டில், சிவப்புக் காலிகோ அட்டையுடன், ஒரு மூலை எலி கடித்த நிலையில் நல்லபடியாக இருக்கும் பிரசவ லீவுப் புத்தகத்தையும், கம்பவுண்டர் வசமுள்ள ஆஸ்பத்திரிப் பிறப்பு இறப்புப் புத்தகத்தையும் கடந்த பன்னிரண்டு வருடத்துக்கு விசாரணையின்போது கொண்டுவரச் சொல்லும்படி" என்று எழுதியிருந்தது. நல்லபடியாக இருக்கும் என்ற வார்த்தைக்குக் கீழே கஜக்கோல் வைத்து ஒரு கோடு வேறு.

ஹெட் கிளார்க்கின் முகத்தில் ஈயாடவில்லை. "எலி கடிச்சது அவளுக்கு எப்படித் தெரியும்?" என்றார். நான் அலமாரியைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

பிறகு அவரே சமாளித்துக்கொண்டார். "பெரிய புள்ளைக்கே ஒம்பது வயசு. பன்னெண்டு வருசப் புத்தகம் எதுக்காம்? எழுதத் தெரியாம எழுதியிருக்கா" என்று சொல்லி மறுபடி சிரித்தார். எனக்கும் அது ஏன் என்று அப்போது புரியவில்லை.

மறுபடியும் அந்த மேசை

லேபர் ஆபீசர் மலையாளி. கண்டிப்பானவர் என்று பேர். ஜீப்பை விட்டு இறங்கியதும், ஸ்டூலில் இருந்த அக்காவைப் பார்த்து வக்கீலா என்று கேட்டார்.

"அல்ல சாரே. எழுத்தறியாத்தவளுக்கு எழுதிக் கொடுத்த ஆள்" என்றார் அக்கா. அதற்குப் பிறகு விசாரணை முடிகிறவரை அவர் வாய் திறந்தது ஒரே ஒரு தடவை. மற்றதெல்லாம் பேச்சியம்மாள்தான் பேசினாள்.

இப்படிச் சொன்னால் உங்களுக்கு அதன் பெருமை தெரியாது. துரையின் ஆபீஸுக்குள் கொழுந்துக்காரி ஒருத்தி காலெடுத்து வைத்து நான் அதற்கு முன்பு பார்த்ததில்லை. ஜன்னலுக்கு வெளியே நின்றுதான் பேசுவார்கள். அன்று அவள் தலைத்துண்டை அவிழ்த்து, ஈரத்தைப் பிழிந்து, இடுப்பில் செருகிக்கொண்டு உள்ளே வந்தாள்.

"செகப்புப் பொஸ்தகத்துல இசக்கியம்மாள்னு பாருங்கய்யா. ரெண்டு தடவ பிரசவ லீவு இருக்கும்" என்றாள்.

இருந்தது. செக்ரோலில் கல்யாணமே ஆகாத இசக்கியம்மாள் இரண்டு தடவை பிரசவ லீவு எடுத்திருந்தாள். இரண்டாவதை எழுதியவன் நான். ஆறு வருடம் ஆபீஸில் உட்கார்ந்திருக்கிறேன், எனக்கு அது ஒரு நாளும் உறைக்கவில்லை.

"இனி ஆசுபத்திரிப் பொஸ்தகத்துல அதே நாளுகளப் பாருங்க. பேச்சியம்மாள், மாடசாமி சம்சாரம்னு இருக்கும்."

ஆபீசர் விரலை வைத்துப் பார்த்தார். அதே நாள். முதல் பெண்ணுக்கும் அதே நாள், இரண்டாவதுக்கும் அதே நாள். லீவு எடுத்தது ஒருத்தி, பிள்ளை பெற்றது இன்னொருத்தி. கடைசியாக அவள் தன் வலது கட்டைவிரலை நீட்டினாள். கொழுந்துக் கறை ஏறிக் கறுத்த விரல். குறுக்கே கவாத்துக் கத்தி கிழித்த பழைய தழும்பு. இரண்டு புத்தகத்து ரேகையிலும் அந்தத் தழும்பு வெள்ளைக் கோடாக ஓடியது.

அப்போதுதான் அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"இது யார் எழுத்து?" என்று சிவப்புப் புத்தகத்தைக் காட்டிக் கேட்டார்.

"என்னோடதுங்க" என்றேன்.

"இந்தக் கைநாட்டை இந்தப் பெண்ணிடம்தான் வாங்கினீரா?"

ஹெட் கிளார்க் என்னைப் பார்த்தார். துரை ஜன்னலைப் பார்த்தார். ஒரு மாதத்துக்கு முன்பு "வீடு காலியாக உள்ளது" என்று பிழையில்லாமல் அடித்த விரல்களை மேசை விளிம்பில் ஊன்றிக்கொண்டேன்.

"ஆமாங்க. இவங்க கைதானுங்க. நானேதான் புடிச்சு அமுக்குனனுங்க" என்றேன். இதில் என் தைரியம் ஒன்றுமில்லை. புத்தகமே சொல்லிவிட்ட பிறகு நான் வேறென்ன சொல்வது. ஆனாலும் சொன்ன பிறகு மனசு லேசானது.

"ரெண்டும் ஒராள் தன்னே" என்றார் ஆபீசர்.

ஹெட் கிளார்க் அதற்காகவே காத்திருந்தவர் போல எழுந்தார். அப்படியானால் இது ஆள்மாறாட்டம், பதினோரு வருடம் எஸ்டேட்டை ஏமாற்றியிருக்கிறாள், வீடு இருக்கட்டும், வேலையே கிடையாது, போலீசுக்கும் எழுதலாம் என்று அடுக்கினார். எல்லாம் போயிற்று என்று நினைத்தேன்.

பேச்சியம்மாள் திரும்பி மைமூன் அக்காவைப் பார்த்தாள். அக்கா அன்று பேசிய ஒரே பேச்சு அப்போதுதான்.

"பேடிக்காத, பயப்பட ஒண்ணுமில்ல. பின்னாடிப் பக்கத்தைக் கேளு."

பேச்சியம்மாள் ஆபீசர் பக்கம் திரும்பினாள். "ஆசுபத்திரிப் பொஸ்தகத்துல பின்னாடி, செத்தவுக பேரு இருக்கும். பதினோரு வருசத்துக்கு முந்தி, ஆடி மாசத்துல, எங்கக்கா பேரு இருக்கான்னு பாருங்கய்யா."

கம்பவுண்டர் புரட்டினார். பக்கங்கள் ஈரத்தில் ஒட்டிக்கொண்டிருந்தன. இருந்தது. இசக்கியம்மாள், காய்ச்சல், மரணம். கீழே எஸ்டேட் டாக்டர் கையெழுத்து. அதற்குக் கீழே, தகவல் அறிந்தேன் என்று ஆபீஸ் முத்திரையோடு இன்னொரு கையெழுத்து.

அது ஹெட் கிளார்க்கின் கையெழுத்து.

"எங்கக்கா செத்தது ஆபீசுக்குத் தெரியும்" என்றாள் பேச்சியம்மாள். "தெரிஞ்சேதான் மறுமாசத்துலருந்து அவ பேரைக் கூப்புட்டாக. கங்காணி நிக்கச் சொன்னாரு, நின்னேன். நான் யாரையும் ஏமாத்தல. பறிச்ச கொழுந்து எங்கையில பறிச்சதுதான்."

பன்னிரண்டு வருடப் புத்தகம் எதற்கு என்பது அப்போது புரிந்தது. எனக்கு உடம்பு சிலிர்த்துப்போயிற்று. ஐம்பது வருடம் ஆகிறது, இதை எழுதும்போதும் சிலிர்க்கிறது. அன்றுவரை அந்த ஆபீஸுக்குள் ஒரு தடவை கூட நுழையாத ஒரு பெண், துணி மூட்டைக்கு நடுவே உட்கார்ந்துகொண்டு, எங்கள் அலமாரியை எங்களைவிட நன்றாகப் படித்திருக்கிறார். ஹெட் கிளார்க் எப்போது எழுந்திருப்பார், எதைச் சொல்வார் என்பது வரைக்கும் அவருக்குத் தெரிந்திருக்கிறது. எத்தனையோ பெரிய வக்கீல்களைப் பிற்காலத்தில் பார்த்துவிட்டேன். எனக்கு அப்படி ஒரு பிரமிப்பு வேறு யாரிடமும் வரவில்லை.

ஆபீசர் அங்கேயே உட்கார்ந்து எழுதினார். இவள் ஒரே ஆள், நிரந்தரத் தொழிலாளி, இனி இவள் சொந்தப் பேரிலேயே இருக்கட்டும். வேலை செய்கிறவர்களுக்கு வீடு தர வேண்டும் என்றுதான் சட்டம் சொல்கிறது, ஆம்பளைக்கு மட்டும் என்று சொல்லவில்லை. வீடு இவள் பேரில்.

துரைக்கு முன்னாலேயே மைமூன் அக்கா எழுந்து கிளம்பிவிட்டார். வாசலில் குடை பிடித்துக்கொண்டு ராவுத்தர் நின்றிருந்தார். நான் பின்னாலேயே ஓடி, "ஏனுங்க்கா, எலி கடிச்ச வரைக்கும் எழுதிப்போட்டீங்களே" என்றேன்.

"நீங்க சொன்னதத்தான தம்பி எழுதினேன்" என்றார். "ஞாயித்துக்கிழமை வாங்க. பத்திரி சுடுறேன்."

வீட்டுப் பதிவேடு

அன்று சாயங்காலமே எழுதச் சொல்லி உத்தரவு. வீட்டுப் பதிவேட்டில் குடும்பத் தலைவர் என்று ஒரு கட்டம் உண்டு. அந்தப் புத்தகத்தில் அதற்கு முன்னால் அந்தக் கட்டத்தில் ஒரு பெண் பேர் கிடையாது. மாடசாமி பேரை அடித்துவிட்டு, பேச்சியம்மாள் என்று எழுதினேன். கையெழுத்து அழகாக வர வேண்டும் என்று நிப்பைத் துடைத்துவிட்டு எழுதினேன்.

மைப்பெட்டியைத் திறந்து வைத்தேன். அவள் விரலை நீட்டிவிட்டு நிறுத்தினாள்.

"இப்பம் எந்தப் பேருக்கு வைக்கணும் கிளார்க்கய்யா?"

"உங்க பேருக்குத்தானுங்க."

வைத்தாள். பிறகு செக்ரோலை எடுத்து, சிவப்பு மையைத் தொட்டு, இசக்கியம்மாள் என்ற பேருக்கு நேரே அளவுகோலை வைத்தேன்.

"அது என்னத்துக்குய்யா?"

"அக்கா பேரை அடிக்கணுங்க. இனி இங்கேயும் உங்க பேருதான்."

நோட்டீஸுக்கு அழாதவள், ஆள்மாறாட்டம் என்று கத்தியபோது அழாதவள், அப்போது அழுதாள். சத்தமில்லாமல் அழுதாள்.

"அப்பம் எங்கக்கா இன்னைக்குத்தான் சாவுதா" என்றாள். "தெனமும் காலையில அவ பேரைக் கூப்புடுவாக. நான் இருக்கேன்னு சொல்லுவேன். பதினோரு வருசம் அவளும் இருக்கான்னுதான் நெனச்சுக்கிட்டேன்."

அடிக்காமல் விட முடியாது. பேர் படிக்கத் தெரிகிற மாதிரி, மிக மெல்லிசாக ஒரு கோடு போட்டேன். என்னால் முடிந்தது அவ்வளவுதான்.

மறுநாள் விடிந்ததும், எனக்கு அங்கே ஒரு வேலையும் இல்லாவிட்டாலும், பெரட்டுக் களத்துக்குப் போனேன். காலையில் ஆள் கூப்பிடுகிற இடத்துக்கு மலையில் பெரட்டுக் களம் என்று பேர். மூடுபனி. கூடை மாட்டிய பெண்கள் வரிசையாக நின்றார்கள். புதுக் கங்காணி பேர்களைப் படித்துக்கொண்டே வந்தார்.

"பேச்சியம்மா."

பதில் இல்லை.

"பேச்சியம்மா" என்றார் மறுபடியும்.

பக்கத்தில் நின்றவள் முழங்கையால் இடித்தாள். அவள் திடுக்கிட்டு நிமிர்ந்தாள். "இருக்கேன்" என்றாள். குரல் சரியாக எழும்பவில்லை. பனிக்குள்ளிருந்து யார் சொன்னது என்று தெரியாமல் கங்காணி பென்சிலை நிறுத்தினார்.

"யாரு அது?"

"பேச்சியம்மா" என்றாள் அவள்.